வாய் திறவாத சிஷ்யன்

திருப்பூரில் பனியன் கம்பெனிகள் நெருங்கிய எந்தத் தெருவில் விசாரித்தாலும், தொழிலில் தேர்ந்தவர் புதிதாக வந்தவனுக்குச் செய்யும் உபதேசம் ஒன்றாகவே இருக்கும்: "பார்த்துப் பழகிக்கோ, சும்மா நொய்நொய்னு கேக்காதே." துணி மடித்துக் கொடுக்கும் கைமடியாகச் சேர்ந்து, பின் ஓவர்லாக் மிஷினில் அமர்ந்து, பிறகு பங்கு சேர்ந்து சொந்தக் கம்பெனி வைத்தவர்களின் சரித்திரம் இவ்வூரில் பிரத்தியட்சமாக இருப்பதால், அவர்கள் எல்லோரும் வாய் திறவாமலே வித்தையை வசப்படுத்தினார்கள் என்றும், எனவே கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு மட்டுமன்றி மந்த புத்தியின் லட்சணமுமாகும் என்றும் ஓர் அபிப்பிராயம் வேரூன்றிவிட்டது. அவர்களுடைய பிள்ளைகள் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதப் போன இடத்திலும் அதே உபதேசம் இங்கிலீஷ் வேஷத்தில் எதிர்ப்படுகிறது.

மௌனத்துக்குச் சாஸ்திரம் தேடுகிறவர்கள் நன்னூலைத் துணைக்கு அழைப்பதுண்டு. கொங்கு நாட்டுச் சீனாபுரத்தவர் என்று கருதப்படும் அந்நூலாசிரியர் பவணந்தி முனிவர், பாடம் கேட்கும் மாணாக்கன் சித்திரப் பாவைபோல் அடங்கியிருக்க வேண்டுமென்று விதித்தது மெய்யே. ஆனால் அதை அடுத்த சூத்திரத்திலேயே, உடன் பயில்வோரோடு பழகுவதையும், வினவுவதையும், வினவினவற்றுக்கு விடை சொல்வதையும் மாணாக்கனின் கடன்களாக வகுத்து, அறியாமை அகல்வது இவற்றால் என்றும் அவர் முடிவு கட்டியிருக்கிறார். முதற் சூத்திரத்தோடு புத்தகத்தை மூடிவைத்தவர்களோடு என்ன வாதம் செய்வது!

உண்மையில், கேள்வி கேட்டவுடன் மேஸ்திரியும் டெய்லரும் சீறுவதற்குக் காரணம் வித்தையின் ரகசியமன்று, கூலியின் கணக்கு. பீஸ் ரேட்டில் தைப்பவர் ஒரு கேள்விக்காகத் தலை நிமிரும் ஒவ்வொரு நிமிஷமும் அவருடைய சனிக்கிழமைச் சம்பளத்தில் கழிகிறது. ஆகையால் கற்பவன் அவருக்குச் செய்ய வேண்டிய மரியாதை வாய்மூடி நிற்பதன்று. அந்த நிமிஷத்தை வீணாக்காமல் கேட்பது. நிட்டிங் மிஷின் முன் நின்று, "அண்ணா, துணியில கோடு விழுகுது" என்று மட்டும் சொல்லிக் கைகட்டி நிற்பவன், யோசிக்கும் வேலை முழுவதையும் மிஷினைப் பழுதுபார்க்கும் பிட்டர் தலையில் ஏற்றிவிடுகிறான். நெடுக்கில் ஓடும் கோடு பெரும்பாலும் ஊசியின் அல்லது கண்ணிகளைப் பிடிக்கும் சிங்க்கர் தகட்டின் பழுது. குறுக்கில் பட்டை பட்டையாக விழுந்தால் நூலையும் அது ஏறும் இழுவையையும் சந்தேகிக்க வேண்டும். இவ்வளவையும் தானே பார்த்தறிந்துகொண்டு, "அண்ணா, 30-ம் நம்பர் நூலுங்க, 24 கேஜ் மிஷின்; காலைல சரியா ஓடுச்சு, மத்தியானத்துல இருந்து ஒரே இடத்துல நெடுகக் கோடு; அந்த ஊசியை மாத்தியும் போகலைங்க; அடுத்து எதைப் பார்க்கட்டுங்க?" என்று கேட்பவனுக்கு மறுமொழி ஒரே வார்த்தையில் கிடைத்துவிடும்.

புரோகிராம் எழுதுபவனுக்கும் விதி இதுவே. "ஓடவில்லை" என்று புலம்பாமல், திரையில் தோன்றிய பிழைச் செய்தியை ஓரெழுத்தும் மாற்றாமல் எடுத்துக் கொடுத்து, தான் இன்னது செய்தேன், இன்னது எதிர்பார்த்தேன், இன்னது நடந்தது என்று அவன் வரிசையாகச் சொல்ல வேண்டும். எரிக் ரேமண்டும் ரிக் மோயனும் 2001-ல் வெளியிட்ட, கேள்வி கேட்கும் முறை பற்றிய பிரசித்தமான கட்டுரை போதிப்பதும் ஏறக்குறைய இதைத்தான். ஆரம்ப நிலையில் இருப்பவனை விரட்டுவதற்கு அதையே தடியாக ஓங்குகிறவர்கள், விடை சொல்பவன் சாந்தமாக நடந்துகொள்ள வேண்டுமென்று அதே கட்டுரையில் தனியாக ஒரு பகுதி இருப்பதைக் காண்பதில்லை. நன்னூலுக்கு நேர்ந்த கதி அதற்கும் நேர்ந்திருக்கிறது.

"இதுகூடத் தெரியாதா?" என்று ஒருமுறை அவமானப்பட்ட பையன் மறுமுறை வாய் திறப்பதில்லை, பழுதான ஊசியோடு மிஷினை ஓட்டிக்கொண்டே இருக்கிறான். மங்கலாகத் தெரிந்த கோடு சாயப்பட்டறைக்குப் போய்வந்த பிறகு பளிச்சென்று கண்ணில் பட்டு, ரோல் முழுவதும் செகண்ட்ஸ் விலைக்குத் தள்ளப்படும் நாளில், "சந்தேகம் இருந்தா அப்பவே கேக்கறதுக்கு என்னடா?" என்று முதலில் கூச்சலிடுபவர், கேட்காதே என்று உபதேசித்த அதே பெரியவர்தான்.