காத்திராத சாறு

வெனிஸ் நகரத்தைப் பற்றிப் பாடநூலிற் படியாதார் இலர். தெருவுக்குப் பதில் வாய்க்காலும் வண்டிக்குப் பதில் தோணியும் உடைய நகரம் அது. ஆயின் அந்நகரம் கடலோடு தொடுத்த ஓர் உப்புநீர் வாவியினுள் அமைந்ததென்பதும், அவ்வாவியில் வேறு பல சிறு தீவுகளும் உள்ளனவென்பதும் பலருக்கு நினைவில் நிற்பதில்லை. அத்தீவுகளுள் ஒன்றன் பெயர் மட்சோர்போ.

அத்தீவுகளிற் பல நூற்றாண்டுகளாகத் திராட்சை பயிரிட்டு மது வடித்து வந்தனர். டொரோனா என்னும் பொன்னிறத் திராட்சை அவ்வாவியிற் பயிரிட்ட இனம். 1966ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் கடல் பொங்கி, வெனிஸில் நீர்மட்டம் 194 சென்ரிமீற்றர் உயர்ந்தது. தோட்டங்கள் உவர்நீரில் மூழ்கின. அவ்வினம் அழிந்ததென்றே கருதினர். 2002இல், மது வடிக்கும் குடும்பத்தவரான ஜான்லூக்கா பிசோல் என்பவர், தோர்செல்லோத் தீவிலே பழைய தேவாலயத்தின் அயலில் அக்கொடிகள் சில உயிரோடு நிற்கக் கண்டார். வாவியெங்கும் தேடியபோது எண்பதுக்குச் சற்று மேற்பட்ட கொடிகள் அகப்பட்டன. அவற்றின் தண்டுகளை வெட்டி மட்சோர்போவில் ஒரு பழைய மதிலினுள்ளே நட்டனர். 2010ஆம் ஆண்டு அறுவடையே அத்தோட்டத்தின் முதல் மதுவாயிற்று. முரானோத் தீவின் கண்ணாடிப் போத்தலில் அடைத்து, பொற்றகடு ஒட்டி விற்கின்றனர். விலையைக் கேட்டால் எம்போன்ற ஆசிரியர்க்கு மயக்கம் குடியாமலே வந்துவிடும்.

இவற்றை எமக்குக் கூறியவர் அத்தீவுக்கு ஒரு பகற்பொழுது நண்பரோடு சென்று மீண்ட, வங்கியில் ஓய்வுபெற்ற அன்பர். கூறிய இடம் மட்டக்களப்பு வாவியின் நடுவே ஒரு தோணி. சென்ற விடுமுறையில் ஒரு நாள், அவரும், மருத்துவர் ஒருவரும், தோணிக்குரிய நண்பரும், நாமுமாக நால்வர் காலையிற் புளியந்தீவிலிருந்து தெற்கு நோக்கிப் புறப்பட்டோம். வாவியின் நீளம் ஏறக்குறைய 56 கிலோமீற்றர். சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. இவ்விரு பெயரைக் காட்டிலும் அழகாகத் திசை சொல்லும் பெயர்களை நாம் வேறெங்கும் கேட்டதில்லை.

"அங்கே திராட்சை, இங்கே தென்னை; அவர்களுக்கு ஒரு மட்சோர்போ இருந்தால் நமக்கும் ஒன்று ஏன் கூடாது?" என்றார் வங்கி நண்பர். நாம் சென்று இறங்கியதும் தென்னைகள் நிறைந்த ஒரு சிறு திட்டில்தான். அவர் கேள்வி நியாயமானதே. வெள்ளமும் இரு வாவிகளுக்கும் பொது. 1978 நவம்பர் 23ஆம் நாள் அடித்த சூறாவளியில் இம்மாவட்டத்துத் தென்னந்தோப்புகளின் பெரும்பகுதி ஒரே இரவிற் சரிந்தது. இன்று நிற்கும் மரங்களுட் பெரும்பாலானவை அதற்குப் பின் நட்டவை. நட்ட தென்னை பாளைவிட ஐந்தாறு ஆண்டுகளேனும் செல்லும். அதுவரை ஒரு குடும்பம் எதை உண்டு வாழ்ந்தது என்று எந்நூலும் எழுதவில்லை.

திட்டிலே சீவல் தொழிலாளர் ஒருவர் மரத்தில் இருந்தார். மதுவரித் திணைக்களத்தின் அனுமதி பெற்றுத் தொழில் செய்பவர். விரியாத பாளையைக் கயிற்றால் இறுகச் சுற்றிக் கட்டி, கட்டையால் மெல்லத் தட்டி, நுனியைப் பாளைக்கத்தியாற் சீவிவிட்டு, முட்டியை மாட்டுகிறார். தட்டுவது வன்மையானால் பாளை பழுதாகும். மென்மையானால் சாறு சுரவாது. அந்த அளவு கைக்குத்தான் தெரியும். காலையும் மாலையும் சீவவேண்டும். பதினைந்து மரம் ஏறுபவர் நாளொன்றுக்கு முப்பது முறை ஏறுகிறார். மரம் பதினைந்து மீற்றரென்று கொள்வோமாயின் 450 மீற்றர். ஆறு நாளில் 2,700 மீற்றர். இலங்கையின் உயர்ந்த மலையாகிய பீதுருதாலகாலையின் உயரம் 2,524 மீற்றரே. மாணவர்கள் இக்கணக்கைத் தாமும் போட்டுப் பார்க்கலாம். இறங்குவதை நாம் சேர்க்கவில்லை.

இனி இச்சாற்றின் இயல்பைச் சிறிது நோக்குவோம். பாளையினின்று சொட்டும்போது அது நூற்றுக்குப் பதினைந்து பங்களவு சர்க்கரை கலந்த இனிய நீர். காற்றிலும் முட்டியிலும் உள்ள நொதி அதனுள் விழுந்த சில மணி நேரத்திற் சர்க்கரை மதுசாரமாகத் தொடங்கும். காலையில் இனிப்பு, நண்பகலில் நுரை, மாலையிற் கள். ஓரிரு நாள் வைத்தால் வேறு நுண்ணுயிர்கள் புகுந்து அதனைப் புளிக்காடியாக்கும். முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு தடவினால் நொதி வேலை செய்யாது. சாறு இனிப்பாகவே நிற்கும். பனையில் இவ்வாறு இறக்கியதை நாம் கருப்பணி என்போம். தமிழகத்தார் பதநீர் என்பர். திராட்சைச் சாற்றிலும் நிகழ்வது இதே நொதித்தல்தான். பிரெஞ்சு அறிஞர் பாஸ்டர் 1866இல் மதுவைப் பற்றி எழுதிய நூலில் ஆராய்ந்ததும், மதுவை மெல்லச் சூடாக்கிப் பழுதாகாமற் காக்கும் வழி கண்டதும் இத்துறையிலேதான்.

எனினும் ஒரு வேறுபாடு உண்டு. அதுவே எமக்கு முதன்மையாகத் தோன்றியது. திராட்சை ஆண்டுக்கொருமுறை பழுக்கும். அதன் மது பீப்பாயில் ஆண்டுக்கணக்கிற் காத்திருக்கும். நல்லதாயின் காத்திருக்கக் காத்திருக்கச் சுவை மிகும். ஆகவே அதற்கு நிலவறை உண்டு, பெயர்ச்சீட்டு உண்டு, ஆண்டு உண்டு, வருவோர்க்குச் சுற்றிக்காட்ட ஆள் உண்டு. தென்னை நாள்தோறும் சுரக்கும். அதன் கள் ஒரு நாளும் காத்திராது. இறக்கிய அன்றே குடிக்கவேண்டும், அல்லது வடிசாலைக்கு அனுப்பிச் சாராயமாக்கவேண்டும். ஆகவே கள்ளுக்குக் கிடைத்த இடம் தவறணை. மதுவின் இயல்பு வேறுபட்டதால் அதனை ஆக்குவோனின் மதிப்பும் வேறுபட்டதோ என்று நாம் எண்ணினோம். அங்கே கொடி வளர்ப்பவன் கலைஞன். இங்கே மரம் ஏறுபவன் பெயரைச் சொல்லவும் கூசுகிறோம். சாதியும் இதில் உண்டு. அதை மறைத்து எழுதுவதிற் பயனில்லை.

பழந்தமிழர் இவ்வாறு கூசியதாகத் தெரியவில்லை. அதியமான் தனக்குக் கிடைத்த சிறிதளவு கள்ளையும் ஔவையார்க்குக் கொடுத்தான் என்று அவரே புறநானூற்றில் இரங்கிப் பாடுகின்றார். யவனர் கொணர்ந்த தேறலும் சங்கப் பாட்டில் உண்டு. அது வந்த சாடிகளின் உடைந்த துண்டுகளை 1945இல் அரிக்கமேட்டில் அகழ்ந்தெடுத்தனர். மறுபுறம் வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். தேர்வுக்கு இரண்டையும் படிக்கிறோம். இரண்டையும் ஒருங்கே வைத்து எண்ணிப் பார்ப்பவர் குறைவு.

வங்கி நண்பரின் திட்டம் இதற்குள் வளர்ந்துவிட்டது. திட்டில் ஒரு கொட்டில், பொரித்த மீன், கள், வெளிநாட்டார் வந்து இறங்க ஒரு துறை. மருத்துவர் அதுவரை பேசவில்லை. "குடித்துக் கெட்ட ஈரலோடு வருகிறவர்களின் மனைவிமார் என்னிடம் கேட்கும் கேள்விக்கு உங்கள் கொட்டிலில் விடை இருக்கிறதா?" என்றார். கசிப்பை விடக் கள் மேலன்றோ என்றார் வங்கி நண்பர். "கசிப்பைவிட எதுவும் மேல்தான்" என்றார் மருத்துவர். தோணிக்கார நண்பர் சிரித்துக்கொண்டு மீன் சுடச் சென்றுவிட்டார். எமது கருத்தைக் கேட்டனர். எமது வகுப்பில் இருப்போர் இருபத்தொரு வயதுக்குட்பட்டவர். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்களுக்கு மது விற்பதே குற்றம். அவர்கள் கண்ணுக்கு அழகாகத் தோன்றும் கொட்டில் ஒன்றை அமைக்க எமக்கு மனமில்லை என்றோம். ஆயினும் அத்தொழிலாளரை விட்டுவிட்டு மதுவிலக்குப் பேசவும் எமக்கு மனமில்லை.

அப்பொழுது அவர் இறங்கிவந்து நிழலில் உட்கார்ந்தார். எமது தொழிலைக் கேட்டறிந்ததும், "எங்கட மகனும் உயர்தரம் படிக்கான், சேர்" என்றார். சிறிது நேரம் கழித்து, "பள்ளிக்கூடத்தில அப்பாட தொழில் எண்ட இடத்தில கூலி எண்டுதான் எழுதியிருக்கான். அப்படி எழுதச் சொன்னது நான்தான்" என்றார். ஏன் என்று நாம் கேட்கவில்லை. எமது வகுப்புப் பதிவேடுகளிலும் கூலி என்றும் விவசாயம் என்றும் எழுதப்பட்ட பெயர்கள் பல உள்ளன.

மருத்துவரே அவரிடம் வேறொன்று கேட்டார்: சுண்ணாம்பு தடவி இறக்கினால் என்ன? அவர் விடை தெளிவாக இருந்தது. இனிய சாற்றைக் காய்ச்சினாற் பாணி வரும், கட்டியும் வரும். ஆனால் ஒரு கிலோ கட்டிக்கு ஏழெட்டு லீற்றர் சாறு வேண்டும். ஒரு மரம் நாளுக்கு ஒன்றிரண்டு லீற்றருக்கு மேற் பெரும்பாலும் தராது. விறகுக்குக் காசு, கிளறுவதற்கு வீட்டில் ஓர் ஆள், பிறகு வாங்குபவர் வரும்வரை பொறுமை. கள்ளென்றால் மாலையிற் காசு. மூன்று பிள்ளைகளுள்ள வீட்டுக்கு மாலைக் காசுதான் தெரியும்.

வங்கி நண்பர் இப்போது உண்மையிலேயே வங்கியாளரானார். கட்டியும் பாணியும் காத்திருக்கும் பொருள்கள். காத்திருப்பதற்கு வேண்டிய முன்பணம் மட்டும் இருந்தால் வாங்குபவர் வருவர் என்றார். பத்துத் தொழிலாளர் சேர்ந்து ஒரு கூட்டுறவு அமைத்தால் கொடுப்பனவை வாரமொருமுறையாக்கலாம் என்று தாளில் எழுதிக் காட்டினார். வடக்கிலே பனை, தென்னைத் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் இருப்பதை நாம் நினைவூட்டினோம். தொழிலாளர் தாளை வாங்கி மடித்து மடியில் வைத்தார். "மகனிட்டக் காட்டுறன்" என்றார். அவன் மரம் ஏறுவானா என்று கேட்டோம். "ஏற விடமாட்டன். ஆனா எத்தனை மணிக்குப் புளிக்கிது எண்டு கொப்பியில எழுதி வச்சிருக்கான்."

அந்தக் கொப்பியைப் பார்க்க எமக்கு ஆவல். மகன் அன்று வகுப்புக்குச் சென்றிருந்தான். விடியலில் இறக்கிய இனிய சாற்றில் ஆளுக்கொரு சிரட்டை தந்தார். வங்கி நண்பர் மட்டும் காலையிலிருந்து வேலை செய்துகொண்டிருந்த மற்ற முட்டியைக் கேட்டு வாங்கிப் பருகினார். மட்சோர்போ மதுவைவிட இது குறைந்ததன்று என்று சத்தியம் செய்தார். நாம் புறப்படும்போது பழைய போத்தல் ஒன்றில் வினாகிரி கொண்டுவந்து தந்தார். மூன்று மாதத்திற்கு முன் விற்காது மிஞ்சிய கள்ளாம். இவ்வார அச்சாறு அதிற் போட்டதே.