உப்பளத்துக் கையும் ஓடிபியும்

மரக்காணத்தில் வருடக்கணக்கில் உப்பு வாரிய கையில் ரேகை தேய்ந்திருக்கும். மழைக்காலத்தில் அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணம் கணக்கில் ஏறினாலும், ஊரிலேயே ஆதார் வழியாக எடுக்கப் பெரும்பாலும் அந்த ரேகையைத்தான் கேட்கிறார்கள்.

ஓடிபி இருக்கே என்பார்கள். பதிவான எண் மகனுடையது, மகன் சென்னையில் என்றால்? போன் மகனிடம் இருப்பதை மட்டும்தான் அந்த ஓடிபி நிரூபிக்கும்.

பல அடுக்குச் சரிபார்ப்பு என்பது தெரிந்தது (பின்), கையில் இருப்பது (போன்), உடலோடு இருப்பது (ரேகை, முகம்) ஆகியவற்றில் இரண்டையாவது கேட்பது. 2016இல் வந்த யுபிஐ இதைச் செயலிக்குள்ளேயே வைத்தது. பதியும்போது போனிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் போய் சிம்மையும் போனையும் உறுதிசெய்யும். அப்புறம் பின் போட்டால் போதும். டீக்கடையில் யாரும் ஓடிபிக்குக் காத்திருப்பதில்லையே!

2025 செப்டம்பரில் வந்த ரிசர்வ் வங்கி விதிமுறையும் டிஜிட்டல் பணப் பரிமாற்றத்துக்கு இரண்டு அடுக்கு கேட்கிறதே தவிர, எஸ்எம்எஸ் ஓடிபிதான் வேணும்னு சொல்லவில்லை.

ஆனாலும் கிளவுடில் நலத்திட்டச் செயலி கட்டுகிறவர்கள் பலர், எல்லாம் முடித்த பிறகு கடைசியில் ஒரு ஓடிபியை ஒட்டவைக்கிறார்கள். மாற்றுவழி என்பது கவுன்ட்டரில் இருப்பவரின் மனசைப் பொறுத்ததாகிவிடுகிறது. ரேகை இரண்டு முறை தவறினால் முகமும் பின்னும் கேட்கும் திரையைச் செயலியே திறக்க வேண்டும். மாற்றுவழி திருடனுக்கும் திறக்குமே என்ற பயம் நியாயம்தான். அதனால்தான் அங்கேயும் இரண்டு அடுக்கு, தொகைக்கு ஒரு வரம்பு.