சட்டையைப் புரட்டிப் பாருங்கள்

திருகோணமலையில் ஒரு பிள்ளை "நான் ஃபேஷன் படிக்கப் போறன்" என்றால் வீட்டாருக்கு இரண்டு பேர்தான் நினைவுக்கு வருவார்கள்: கொழும்பு ஹோட்டல் மேடையில் நடக்கிற மொடல், விடியமுன் கம்பனி பஸ் ஏறுகிற காமெண்ட்ஸ் பிள்ளை. முதலாவது எட்டாது, இரண்டாவது வேண்டாம் என்று பேச்சு முடிந்துவிடும். நமது துறைமுகத்தில் கோதுமையும் சீமெந்து மூலப்பொருளும் எண்ணெயும்தான் இறங்குகின்றன. சட்டைப் பெட்டிகள் கொழும்பு வழியே போவதால், இந்தத் தொழிலின் நடுப்பகுதி நம் கண்ணில் படுவதே இல்லை.

நாட்டின் ஆடைத் தொழில் பிழைத்ததோ அந்த நடுப்பகுதியால்தான். 2005 தொடக்கத்தில் உலக ஆடை வர்த்தகத்தில் நாடுகளுக்கு ஏற்றுமதி அளவை ஒதுக்கிய கோட்டா முறை நீங்கியபோது, கூலியைக் குறைத்து வங்காளதேசத்தோடு மோத இங்கே வழியில்லை. எம்.ஏ.எஸ்., பிரண்டிக்ஸ் போன்ற நிறுவனங்கள் உள்ளாடை, விளையாட்டு உடை என நுணுக்கமான பக்கம் திரும்பின. வந்த மாதிரியைத் தைத்துக் கொடுத்ததோடு நில்லாமல், புதிய மாதிரிகளைத் தாங்களே உருவாக்கவும் தொடங்கின. அதற்குப் பட்டர்ன் வரைபவர், துணியைச் சோதிப்பவர், ஒரு தையலுக்கு எத்தனை நொடி என்று கணக்கிடுபவர், வாங்குபவரோடு விலையும் திகதியும் பேசி முடிக்கும் மேர்ச்சண்டைசர் எல்லாரும் வேண்டும்.

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் ஆடை வடிவமைப்புப் பட்டம் உண்டு. உயர்தரப் பெறுபேறு மட்டும் போதாது, உளச்சார்புச் சோதனையும் எழுதவேண்டும். அறிவித்தலைத் தவறவிட்டால் ஒரு வருடம் போய்விடும். கணிதப் பிரிவுப் பிள்ளைகளுக்கு அங்கேயே துணி, ஆடைப் பொறியியல் இருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே படிக்க விரும்பினால், திறந்த பல்கலைக்கழகம் உண்டு. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் முகாமைத்துவமோ கணினியோ படிப்பவர்கள் ஊசியே பிடிக்காமல் மேர்ச்சண்டைசிங், உற்பத்தித் திட்டமிடல் பக்கம் போகலாம்.

வழிகாட்டும் ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. வகுப்பில் வேலைகளின் பெயர்ப்பட்டியலை வாசிக்கவேண்டாம். ஒரு டீசேர்ட்டைப் புரட்டிக் கொடுத்து, லேபல், தையல், துணி, நிறம் என ஒவ்வொன்றையும் யார் முடிவு செய்திருப்பார் என்று கேளுங்கள். ஐந்தாறு வேலைகளைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

அந்த வகுப்பு நடக்கும் நாளில் அம்மாமாரையும் அழையுங்கள். மொறட்டுவையில் படிக்கும் நமது ஊர்ப் பிள்ளை ஒருவரைக் கூப்பிட்டு, போடிங் எங்கே, மாதச் செலவு எவ்வளவு, இரவு வகுப்பு முடிந்தால் எப்படித் திரும்புவது என்று சொல்லவையுங்கள். பெண்பிள்ளையின் விண்ணப்பப் படிவம் பெரும்பாலும் இந்த மூன்று கேள்விகளில்தான் தட்டிக்கொண்டு நிற்கிறது.