கழுத்தில் தொங்கும் மூன்று கிலோ

கலியாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா என்று கமராவோடு வேலைக்குப் போகும் பெண்களை இப்போது எங்கள் ஊர்களிலும் காண்கிறோம். பெண்பிள்ளையின் சடங்குக்குப் பெண்ணே படமெடுக்க வந்தால் வீட்டுக்காரருக்கும் ஆறுதல். அப்படி வேலை செய்யும் ஒரு தங்கச்சி சென்ற மாதம் என்னைக் கண்டபோது, “அக்கா, படம் எடுக்கிறது கஷ்டமில்லை. கமராவைக் காவுறதுதான் கஷ்டம். இரவிலை கழுத்தைத் திருப்பேலாது” என்றாள். எண்ணெய் பூசிக்கொண்டு படுக்கிறாள். விடிந்ததும் அதே கமராவை அதே கழுத்தில் மாட்டிக்கொண்டு போகிறாள்.

அவளுடைய சுமையை நிறுத்துப் பார்ப்போம். கமரா உடல் மட்டும் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. தூரத்திலிருந்து முகத்தைக் கிட்டத்தில் காட்டும் 70–200 ரெலிபோட்டோ லென்ஸ் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. பிளாஷ் லைற்றும் அதன் பற்றரிகளும் இன்னும் நானூறு கிராம் வரும். எல்லாமாக மூன்று கிலோவுக்குக் கிட்ட.

இடப்பெயர்வில் பிள்ளையை ஒரு பக்கமும் பொதியை மறு பக்கமுமாகத் தூக்கி நடந்தவர்களுக்கு, மூன்று கிலோவும் ஒரு பாரமா என்று கேட்கத் தோன்றும். பத்து லீற்றர் தண்ணீர்க் குடம் பத்துக் கிலோவுக்கு மேல். ஆனால் குடத்தை யாரும் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டதில்லை. இடுப்பில் வைத்தோம், தலையில் வைத்தோம், வீடு வந்ததும் இறக்கினோம். கமரா காலை ஐந்து மணிக்குக் கழுத்தில் ஏறினால் பின்னேரம் வரை இறங்குவதில்லை. அது தலையை முன்னுக்கு இழுக்க இழுக்க, பிடரித் தசைகள் நாள் முழுவதும் எதிர்த்து இழுத்துக்கொண்டே இருக்கின்றன. நோவு அங்கேதான் பிறக்கிறது.

ஆகவே முதலில் கழுத்திலிருந்து இறக்குங்கள். கமராவோடு வரும் ஒடுங்கிய வாரை எடுத்துவிட்டு, நாலு விரல் அகலமான நீண்ட வாரை ஒரு தோளிலிருந்து மறுபக்க இடுப்புக்குக் குறுக்கே போடுங்கள். கமரா இடுப்போடு ஒட்டிக் கிடக்க வேண்டும். தொடையில் இடிக்குமளவுக்குத் தாழ்ந்தால் நடக்க நடக்க ஆடும், அதுவும் தோளைத்தான் இழுக்கும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை தோளை மாற்றுங்கள். சேலை உடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இடத்தோளில் தலைப்புக்குக் குத்தும் ஊசி வாருக்குக் கீழே அகப்பட்டால் தோளில் ஏறிவிடும். ஊசியைப் பின்பக்கம் தள்ளிக் குத்துங்கள். வேலைக்குச் சல்வார்தான் வசதி என்பது என் அபிப்பிராயம். சபைக்குச் சேலைதான் மரியாதை என்று சொல்லுகிறவர்கள் கமராவைத் தூக்குவதில்லை.

அடுத்தது பலர் கவனிக்காத விடயம். பாரமான ரெலிபோட்டோ லென்ஸ்களில் நடுவிலே ஒரு வளையமும், அதன் கீழே கால் போன்ற ஒரு துண்டும் இருக்கும். ஸ்ரான்டில் பூட்டுவதற்கென்று கொடுக்கப்பட்டது அது. தூக்கும்போதும் அந்தக் காலில்தான் பிடிக்க வேண்டும், வாரையும் அதிலேதான் பூட்ட வேண்டும். கமராவில் தொங்கவிட்டால் லென்ஸின் பாரம் முழுவதும் இரண்டும் சேரும் வளையத்தை இழுத்துக்கொண்டிருக்கும். காலில் தொங்கவிட்டால் பாரம் நடுவில் நிற்கும். ஆனால் அந்த ஸ்குரூ நடக்கும்போது மெல்ல மெல்லக் கழன்றுவிடக்கூடும். மேடையை விட்டு இறங்கும்போதெல்லாம் விரலால் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். கமராவின் வளையத்துக்கும் வாருக்கும் இடையே உறுதியான சின்னக் கயிறு ஒன்றையும் கட்டிவிடுங்கள். ஒன்று விட்டாலும் மற்றது பிடிக்கும்.

படமெடுக்கும்போது இடது உள்ளங்கை லென்ஸின் கீழே, முழங்கை விலாவோடு ஒட்டி இருக்கட்டும். முழங்கையை விரித்துப் பிடித்தால் பாரத்தைத் தோள் மட்டுமே தாங்கும். 200இல் வைத்து எடுக்கும்போது வேகம் செக்கனுக்கு 1/200க்குக் குறையாமல் இருப்பது நல்லது. களைத்த கை நடுங்கும், படமும் கலங்கும்.

நல்லூர்த் திருவிழா 25 நாள். 24ஆம் நாள் தேர். அன்று விடியமுன்னரே வெளிவீதியில் இடம்பிடித்துச் சனத்துக்குள் நிற்க வேண்டியிருக்கும். முக்காலி வைக்க இடம் கிடையாது. ஒற்றைக்கால் ஸ்ரான்ட் ஒன்று போதும், அது ஒரு பாதம் வைக்கும் இடத்தைத்தான் கேட்கும். அதன் மேலே லென்ஸின் காலைப் பூட்டிவிட்டால் பாரம் நிலத்துக்குப் போய்விடும், கை வழிகாட்டினால் போதும். மன்னார் வங்காலைப் பக்கம் பூநாரைகளை எடுக்கப் போகிறவர்களுக்கு 600 வரை போகும் லென்ஸ் வேண்டும். அதில் லென்ஸ் மட்டுமே இரண்டு கிலோ அளவில் வரும். ஸ்ரான்ட் இல்லாமல் அந்த வேலைக்குப் போகாதீர்கள்.

போகும் வழியில் முதுகுப்பைதான் நல்லது. இடுப்புப் பட்டி உள்ள பையாகப் பாருங்கள். பட்டியை இடுப்பெலும்பின் மேல் இறுக்கினால் குடம் இருந்த இடத்துக்கே பாரம் வந்துவிடும். லென்ஸைக் கழற்றி முதுகோடு ஒட்டினாற்போல் வையுங்கள். ஸ்கூட்டியின் முன்கொக்கியில் கமராவைக் கொழுவிக்கொண்டு போவதைக் கண்டிருக்கிறேன். ஒரு குழியில் விழுந்தால் ஒரு வருடச் சம்பாத்தியம் போய்விடும்.

தோளிலோ முதுகிலோ குண்டுச் சிதறல் உள்ள சகோதரிகள் வார் அந்த இடத்தில் அழுத்தாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு தோளிலும் மாட்டும் வார் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும். ஆனாலும் தொடங்குமுன் வைத்தியரிடமோ உடற்பயிற்சிச் சிகிச்சை தருபவரிடமோ வாரைக் கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள். ஒரு கையால் வேலை செய்பவர்களுக்கும் ஒற்றைக்கால் ஸ்ரான்ட் உதவும். கமராவின் பொத்தான் வலப்பக்கத்தில் இருப்பதால், இடக்கை மட்டும் உள்ளவர்கள் வயரோடு கூடிய சுவிட்சைப் பூட்டி அழுத்தலாம். யாருக்கானாலும் விரல் விறைத்தாலோ, கை நோவு முழங்கைக்குக் கீழே ஓடினாலோ எண்ணெய் பூசிக்கொண்டிருக்க வேண்டாம், கிளினிக்குக்குப் போங்கள்.

லென்ஸ் வாங்க இருப்பவர்களுக்கு ஒன்று. 70–200 லென்ஸில் 2.8 என்றும் 4 என்றும் இரண்டு வகை உண்டு. 4இன் பாரம் ஏறக்குறைய பாதி, விலையும் குறைவு. 2.8 இருமடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும் என்பதால் இருட்டு மண்டபத்தில் அதுதான் கைகொடுக்கும். பகல் வெளிச்சத்து வேலை கூடுதலாகக் கிடைப்பவர்கள் 4ஐ வாங்கினால் தோள் தப்பும். கண்ணாடி இல்லாத புதுவகைக் கமராக்களின் உடல் பாரம் குறைவுதான், ஆனால் அவற்றிலும் பெரிய லென்ஸ் பாரமே.

கடையில் நல்ல வார் வாங்க வசதியில்லாவிட்டால் தைத்துக்கொள்ளலாம். பழைய வாகன சீற்பெல்ற் பட்டி நல்ல உறுதி. தோளில் படும் இடத்துக்கு ஒரு அங்குல ஸ்பொஞ்சை வைத்துப் பருத்தித் துணியால் மூடுங்கள். முனைகளை மடித்துப் பெட்டித் தையலும் அதன் குறுக்கே பெருக்கல் தையலும் போடுங்கள். கொளுக்கி பிளாஸ்டிக் வேண்டாம், இரும்பு. தைத்து முடித்ததும் கமராவைக் கொழுவிவிடாதீர்கள். ஐந்து கிலோ அரிசிப் பொதியைக் கட்டி ஓர் இரவு வளையில் தொங்கவிடுங்கள். காலையில் பொதியைக் கழற்றி ஒவ்வொரு தையலாகப் பார்த்து, ஒரு நூலும் விடவில்லை என்றால் கமராவைப் பூட்டுங்கள்.