அறிக்கைகளுக்குப் பஞ்சமில்லை

மேற்கு ஆஸ்திரேலியாவின் வடகோடியில் உள்ள கிம்பர்லி வட்டாரம் நான்கு லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்பு கொண்டது. மக்களோ நாற்பதாயிரம் பேர்கூட இல்லை. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பூர்வகுடிகள். 2012 கடைசிக்கும் 2016 தொடக்கத்துக்கும் இடையில் அங்கே 13 பூர்வகுடிச் சிறுவர்களும் இளைஞர்களும் இறந்தார்கள். மாநில மரண விசாரணை அதிகாரி ரோஸ் ஃபோலியானி அவற்றை விசாரித்து 2019 பிப்ரவரியில் முடிவுகளை வெளியிட்டார். பன்னிரண்டு மரணங்கள் தற்கொலை. இறந்தவர்களில் ஐந்து பேர் 10 முதல் 13 வயதுக்குள் இருந்த குழந்தைகள்.

ஃபோலியானி 42 பரிந்துரைகள் தந்தார். அரசுக்கு அவை புதிதல்ல. இதே கிம்பர்லியில் நிகழ்ந்த 22 மரணங்களைப் பற்றி 2008-லேயே அப்போதைய மாநில மரண விசாரணை அதிகாரி அலிஸ்டர் ஹோப் விரிவாக எழுதிவிட்டார். 2016-ல் மாநில நாடாளுமன்றக் குழு ஒன்றும் எழுதியது. பதினைந்து ஆண்டுகளில் இப்படி நாற்பதுக்கும் மேற்பட்ட அறிக்கைகள். ஒரு வட்டாரத்தின் துயரம் இத்தனை முறை அச்சேறியும் குழந்தைகள் சாகிறார்கள் என்றால், அரசுக்கு இல்லாதது தகவல் அல்ல.

சேவைகளும் குறைவில்லை. ஆனால் அவை வெளியாருக்காக வடிவமைக்கப்பட்டு, பூர்வகுடிகளுக்கு ஏற்றாற்போல் ஒட்டுப்போடப்பட்டவை என்று ஃபோலியானியே குறிப்பிட்டார். வெளியூர் ஆலோசகர் வருகிறார், ஒப்பந்தம் முடிகிறது, போய்விடுகிறார். அடுத்தவரிடம் பிள்ளை தன் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

இதற்கிடையே 2014-ல் மாநில முதல்வர் காலின் பார்னெட், தொலைதூரப் பூர்வகுடிக் குடியிருப்புகளில் 150 வரை மூடப்படலாம் என்றார். அங்கே வாழ்வது அவர்கள் விரும்பித் தேர்ந்தெடுத்த வாழ்க்கைமுறை, அதற்கு அரசு செலவழிக்க முடியாது என்ற பொருளில் அடுத்த ஆண்டு பிரதமர் டோனி அபாட் பேசினார். நாடெங்கும் போராட்டம் வெடித்தது. தன் ஊருக்குத் தண்ணீரும் மின்சாரமும் நிற்குமோ என்று அஞ்சும் பையனிடம், எதிர்காலத்தை நம்பு என்று அரசு அனுப்பிய ஆலோசகர் எந்த முகத்தோடு சொல்வார்?

மாறாக, இதே கிம்பர்லியின் ஃபிட்ஸ்ராய் கிராசிங்கைப் பார்க்கலாம். அந்தச் சிற்றூரில் 13 மாதங்களில் 13 தற்கொலைகள். 2007-ல் ஜூன் ஆஸ்கார், எமிலி கார்ட்டர் தலைமையில் பெண்கள் திரண்டு, கடையில் கடுமது வாங்கிச் செல்வதைத் தடுக்கும்படி உரிம அதிகாரியிடம் கேட்டார்கள். ஊருக்குள்ளேயே வசவு கிடைத்தது. சிலர் வேறு ஊருக்குப் போய்க் குடித்தார்கள் என்பதும் உண்மைதான். ஆனாலும் அடிதடியும் காயங்களும் குறைந்தன. கேட்டவர்கள் ஊர்ப் பெண்கள். அரசு செய்தது, அவர்கள் சொன்னதைக் கேட்டது மட்டுமே.

இன்னொன்று யிரிமன் என்ற திட்டம். நிகினா, மங்காலா, கராஜாரி, வல்மஜாரி இனங்களின் மூத்தோர் 2000 வாக்கில் தொடங்கியது. பிள்ளைகளை மூதாதையர் நிலத்தின் வழியே நாட்கணக்கில் நடக்க வைப்பார்கள். வழியில் நீர்நிலைகளின் பெயர், வேட்டை, உறவுமுறை, மொழி எல்லாம் வந்து சேரும். மனநல மருத்துவத்தின் பெயரில் ஒன்றும் நடப்பதில்லை. ஆனால் இந்த நிலத்தில் தனக்கென்று ஓர் இடம் உண்டு என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது. இதே வட்டாரத்தின் பார்டி இனத்தைச் சேர்ந்த உளவியலாளர் பாட் டட்ஜன் முன்னின்று தயாரித்த 2016 ஆய்வும், சமூகமே வழிநடத்தும் திட்டங்கள்தாம் பலன் தருகின்றன என்றது.

கான்பெராவிலுள்ள மத்திய அரசுக்கு இது புரியவில்லை என்று சொல்ல முடியாது. 2022-ல் தொடங்கிய 13யார்ன் என்ற நெருக்கடி உதவித் தொலைபேசிச் சேவையில் இரவு பகலாக மறுமுனையில் பேசுபவர்கள் பூர்வகுடிகளே. 2020-ல் மத்திய, மாநில அரசுகள் எல்லாம் பூர்வகுடி அமைப்புகளோடு ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. தற்கொலையைப் பூஜ்யத்தை நோக்கிக் குறைப்பது அதன் இலக்குகளில் ஒன்று. முடிவெடுக்கும் அதிகாரத்தைப் பகிர்வதாகவும் அரசுகள் வாக்களித்தன. 2024-ல் மத்திய அரசின் உற்பத்தித்திறன் ஆணையம் உடன்படிக்கையைப் பரிசீலித்தபோது அந்த வாக்கு பெரும்பாலும் காகிதத்திலேயே இருந்தது. தற்கொலை இலக்கோ பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தது. இனி ஒரு விசாரணைக் குழுவுக்கு ஆகும் பணத்தை யிரிமன் போன்ற அமைப்புகளுக்குப் பத்தாண்டு நிதியாக ஒதுக்கி, கணக்கை மட்டும் கேட்டுவிட்டு ஒதுங்கி நிற்க எந்த அமைச்சராவது துணிவாரா?

(இந்தியாவில் மன உளைச்சலில் இருப்பவர்கள் டெலி மானஸ் இலவச உதவி எண் 14416-ஐ எந்நேரமும் அழைக்கலாம்.)