நெய் பிரசாதம் ஒருத்திக்கு மட்டும்தானா?

சமீபத்தில் என் தம்பி மனைவியை அழைத்துக்கொண்டு திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை கோயிலுக்குப் போயிருந்தேன். அவளுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம் ஆகிறது. இன்னும் குழந்தை இல்லை. "அந்த அம்பாள் நெய்யை வாங்கிச் சாப்பிடச் சொல்லு" என்று என் அம்மா நச்சரித்துக்கொண்டே இருந்தாள். தம்பியைக் கூப்பிட்டதற்கு, "எனக்கு வேலை இருக்கு. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்கக்கா" என்று சொல்லிவிட்டான்.

கும்பகோணத்தில் பஸ் ஏறி, பாபநாசத்தில் இறங்கி, வேறு பஸ் பிடித்துப் போனோம். வெட்டாற்றங்கரையில் இருக்கிற மிகப் பழமையான கோயில். அப்பரும் சம்பந்தரும் பாடிய தலம். சுவாமிக்கு முல்லைவனநாதர் என்று பெயர். மண்ணால் ஆன லிங்கம் என்பதால் அபிஷேகம் கிடையாது, புனுகுதான் சாத்துகிறார்கள். அம்பாள், ஒரு கையால் வயிற்றைத் தாங்கினாற்போல் நிற்கிறாள். பார்த்ததுமே கண் கலங்கிவிட்டது.

குழந்தை வரம் கேட்டு வருகிறவர்கள் அம்பாள் சன்னிதிப் படியை நெய்யால் மெழுகிக் கோலம் போடுகிறார்கள். அம்பாள் பாதத்தில் வைத்த நெய்யைப் பிரசாதமாக வாங்கிப் போகிறார்கள். கர்ப்பிணிகளுக்கு விளக்கெண்ணெய் பிரசாதம். பிரசவ வலி எடுக்கும்போது அதை வயிற்றில் தடவிக்கொள்வது வழக்கம்.

நாங்களும் நெய் வாங்கினோம். அர்ச்சகர், "வீட்டுக்காரர் வரலையாம்மா?" என்று கேட்டார். "வரலை சாமி" என்றேன். "இதை 48 நாள், ராத்திரி படுக்கப் போறச்சே, கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடணும். இவங்க மட்டும் இல்லே, ரெண்டு பேரும் சாப்பிடணும்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஊரில் எத்தனை பேர் இந்த நெய்யைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள்! ஒருத்தராவது, "உன் தம்பியும் சாப்பிடணும்" என்று சொன்னார்களா? எல்லாருமே, "அவளைச் சாப்பிடச் சொல்லு" என்றுதானே சொன்னார்கள்!

அப்போது ஒரு குடும்பம், பிறந்த குழந்தையைத் தொட்டிலில் போட்டு வேண்டுதலை நிறைவேற்றிக்கொண்டிருந்தது. தம்பி மனைவி என் காதருகே வந்து, "அண்ணி, நான் கிட்டப் போய்ப் பார்க்கலாமா?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வி என்னைக் குத்திவிட்டது. காரணம், போன வருடம் என் ஓரகத்தி வளைகாப்பில், "நீ கொஞ்சம் தள்ளி நில்லேன்" என்று அவளிடம் சொன்னவள் நானேதான். பெரியவர்கள் ஏதாவது சொல்லப் போகிறார்களே என்று பயந்து சொன்னேன். அவள் அதை மறக்கவில்லை. கோயிலில் கூட அனுமதி கேட்கிறாள்! கையைப் பிடித்து அழைத்துப்போய்த் தொட்டில் பக்கத்திலேயே நிற்க வைத்தேன்.

அந்தக் கோயிலின் தல வரலாற்றை யோசித்துப் பாருங்கள். நித்துருவ முனிவரின் மனைவி வேதிகை கர்ப்பமாக இருந்தாள். கணவர் வெளியே போயிருந்த நேரம். களைத்துக் கிடந்தவளால், பிச்சை கேட்டு வந்த முனிவரை உடனே எழுந்து கவனிக்க முடியவில்லை. அவர் கோபித்துச் சாபம் கொடுக்க, கரு கலைந்தது. அம்பாள்தான் அந்தக் கருவை ஒரு குடத்தில் வைத்துக் காப்பாற்றி, குழந்தையாக்கிக் கொடுத்தாளாம். அதாவது, அம்பாள் சாபம் கொடுத்தவர் பக்கம் நிற்கவில்லை. முடியாமல் கிடந்த பெண் பக்கம் நின்றாள். நாமோ அவள் சன்னிதிக்கே போய்விட்டு வந்து, "மலடி" என்று வாய் கூசாமல் சாபம் கொடுக்கிறோம்!

சாமி காரியம்தான் இப்படி என்றால், டாக்டர் காரியமும் இதே கதைதான். தம்பி மனைவிக்கு இதுவரை இரண்டு ஆஸ்பத்திரியில் ரத்தம், ஸ்கேன் என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. தம்பிக்கு ஒன்றுகூடப் பார்க்கவில்லை. "எனக்கென்ன குறை?" என்பது அவன் கேள்வி. குறை ஆணிடமும் இருக்கலாம், இரண்டு பேரிடமும் இருக்கலாம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். ஆண்களுக்கு முதலில் செய்வது சாதாரண விந்துப் பரிசோதனைதான். ஊசி கூடக் கிடையாது. அதற்கே இத்தனை கௌரவம் பார்த்தால், ஆறு வருடமாக ஊர் வாயில் விழுந்து எழுந்திருக்கிற பெண்ணுக்குக் கௌரவம் இல்லையா?

வீட்டுக்கு வந்ததும், அம்மாவை வைத்துக்கொண்டே தம்பியிடம் அர்ச்சகர் சொன்னதைச் சொன்னேன். "டாக்டர்கிட்டேயும் நீ வரணும்டா" என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் ராத்திரி அவனே நெய் டப்பாவை எடுத்து வைத்து, "எனக்கும் ஒரு ஸ்பூன் கொடு" என்று கேட்டானாம். தம்பி மனைவி போனில் சொல்லும்போது அவள் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்க வேண்டுமே! அடுத்த வாரம் இருவரும் சேர்ந்து டாக்டரிடம் போகிறார்கள். குழந்தை பிறப்பது அம்பாள் சித்தம். ஆனால், பாரம் இனி அவள் ஒருத்தி தலையில் இல்லை.

மாமியார்களே, என்னைப் போன்ற நாத்தனார்களே! மருமகளைக் கோயிலுக்கு அனுப்புங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே உங்கள் பிள்ளையையும் அனுப்புங்கள். வளைகாப்பு, தொட்டில் என்றால் அவளையும் முன்வரிசைக்குக் கூப்பிடுங்கள். அம்பாளே ஒதுக்காதவளை ஒதுக்க நாம் யார்?

— ஒரு வாசகி, கும்பகோணம்.