குமட்டினால் குழந்தையைத் திட்டாதீர்கள்!

இந்தத் தடவை நான் செய்த தப்பு ஒன்றைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும்.

என் பெண்ணுக்கு 10 வயது. தெத்துப்பல்லுக்குக் கம்பி கட்டலாம் என்று சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலேறி, தாம்பரத்தில் ஒரு பல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். முதல் வேலை, பல்லுக்கு அளவெடுப்பது. மாவு மாதிரிக் குழைத்த மருந்தைத் தட்டில் நிரப்பி மேல்வாயில் வைத்தார்கள். அவ்வளவுதான், "உவ்வே" என்று ஓங்கரித்துத் தட்டைத் தள்ளிவிட்டாள். மறுபடியும் அதே கதை. "இவ்வளவு பெரிய பொண்ணு, என்னடி நாடகம்?" என்று அத்தனை பேர் முன்னால் திட்டிவிட்டேன். திரும்பி வரும்போது ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு வந்தவள், கூடுவாஞ்சேரி தாண்டியதும், "நான் வேணும்னு பண்ணலம்மா" என்றாள்.

அவள் சொன்னதுதான் நிஜம். நாக்கின் அடி, மேலண்ணத்தின் பின்பக்கம், தொண்டை ஆகிய இடங்களில் ஏதாவது பட்டால், மூச்சுக்குழாய்க்குள் போய்விடாமல் உடம்பு தானே வெளியே தள்ளப் பார்க்கிறது. கண்ணில் தூசி பட்டால் இமை மூடிக்கொள்வது போலத்தான். சிலருக்கு அது அதிகம். பயமும் சேர்ந்தால் இன்னும் அதிகம்.

அடுத்த வாரம் வேறொரு டாக்டரம்மாவிடம் போனோம். விஷயத்தை முதலிலேயே சொன்னேன். "பாப்பா, வாய் அப்புறம். முதல்ல கையைக் காட்டு" என்றார். மணிக்கட்டு ரேகையிலிருந்து முழங்கைப் பக்கமாக, குழந்தையின் விரலாலேயே மூன்று விரல் அளவு தள்ளி, இரண்டு நரம்பு மாதிரித் தெரியும் தசைநார்களுக்கு நடுவில் ஓர் இடம். சீன அக்குபங்சரில் அதற்கு நெய்குவான் என்று பெயர். ஊசி குத்தவில்லை. பேனா மாதிரி ஒரு லேசர் கருவியை இரண்டு கையிலும் கொஞ்ச நேரம் வைத்தார். சுடவில்லை, வலிக்கவில்லை. கண்ணுக்கு மட்டும் எல்லோருக்கும் கண்ணாடி. பிறகு அளவெடுத்தார். ஒரு தரம் குமட்டியது, ஆனால் தாங்கிக்கொண்டாள்.

இது எல்லோருக்கும் பலிக்கும் மந்திரம் இல்லை. ஆனால் வெறும் நம்பிக்கையும் இல்லை. உத்தரப்பிரதேசத்தில் முராத்நகர் பல் மருத்துவர்கள் 4 முதல் 14 வயதுள்ள 40 குழந்தைகளிடம் சோதித்து, 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். லேசர் வைத்த 20 பேருக்குக் குமட்டலும் பயமும் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தன. ஆபரேஷனுக்குப் பின் வரும் வாந்திக்கும் இதே இடத்தைத் தூண்டுவது உண்டு.

எல்லா ஊரிலும் லேசர் இருக்காது. அதனால் என்ன? அதே இடத்தைக் கட்டைவிரலால் இரண்டு மூன்று நிமிஷம் அழுத்திப் பாருங்கள். வயிறு முட்டச் சாப்பிட வைத்து அழைத்துப் போகாதீர்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, தலையைச் சற்று முன்னால் சாய்த்து, மூக்கால் மூச்சு விடச் சொல்லுங்கள். ஒரு காலைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னால் கவனம் அங்கே போய்விடும். முக்கியமாக, குமட்டல் உண்டு என்று டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கடையில் விற்கும் விளையாட்டு லேசர் விளக்கை வைத்து மட்டும் வீட்டில் பரீட்சை பார்க்காதீர்கள், கண்ணுக்கு ஆபத்து.

குமட்டலுக்குப் பயந்து வைத்தியத்தைத் தள்ளிப் போட்டால், அடைத்திருக்க வேண்டிய பல்லைப் பிடுங்க நேரிடும். என் மாமியாரும் இப்படித்தான், பல் செட்டுக்கு அளவெடுக்கப் பயந்து 2 வருஷமாகக் குழைந்த சாதமே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

போன வாரம் அவரையும் அழைத்துப் போனோம். நாற்காலி பக்கத்தில் நின்று, "பாட்டி, மூக்கால மூச்சு விடுங்க" என்று மணிக்கட்டை அழுத்திக்கொண்டிருந்தவள் யார் தெரியுமா? நான் திட்டினேனே, அதே பெண்தான்!